புட்சர் பேப்பரில் பன்றி விலா: எப்போது சுற்றுவது, எப்படிச் சுற்றுவது

அமெரிக்காவில் பன்றி விலாவைப் புகையில் வேகவைப்பவர்களிடம் ‘3-2-1’ என்ற கணக்கு ஒன்று புழங்குகிறது. மூன்று மணி நேரம் திறந்த நிலையில், இரண்டு மணி நேரம் சுற்றிய நிலையில், கடைசி ஒரு மணி நேரம் மறுபடியும் திறந்த நிலையில் வேகவிட வேண்டும் என்பது அதன் பொருள். அலுமினியத் தாளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. இறைச்சிக் கடைகளில் பொட்டலம் கட்டும் தடித்த காகிதமான புட்சர் பேப்பருக்கும் அதையே எடுத்துக்கொண்டால் சில நாள் நன்றாக வரும், சில நாள் சொதப்பும். காகிதத்தில் சுற்றும்போது நாம் நம்ப வேண்டியது கடிகாரத்தை அல்ல, இறைச்சியின் மேல் படிந்திருக்கும் பட்டையை. மசாலாவும் கொழுப்பும் புகையும் சேர்ந்து உலர்ந்து உருவாகும் அந்தக் கருஞ்சிவப்புப் பட்டை கெட்டிப்பட்ட பிறகுதான் காகிதத்துக்கு வேலை. அதற்கு முன் சுற்றினால் எவ்வளவு நல்ல காகிதமும் காப்பாற்றாது.

காகிதம் என்ன செய்கிறது

குறைந்த சூட்டில் நெடுநேரம் வேகும் இறைச்சி, உள்வெப்பம் சுமார் 150 முதல் 170 டிகிரி ஃபாரன்ஹீட் (65 முதல் 77 செல்சியஸ்) வரை வந்ததும் தயங்கி நிற்கும். வெப்பமானி நகரவே நகராது. அடுப்பு சரியாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகும்போது அது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே விதத்தில்தான். உள்ளே வரும் வெப்பமும் ஆவியாதலில் வெளியேறும் வெப்பமும் சரிக்குச் சரியாக இருக்கும் வரை இந்தத் தேக்கம் நீடிக்கும். மாட்டு நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டில் இது மணிக்கணக்கில் இழுக்கும். விலா மெல்லியது என்பதால் அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது, ஆனாலும் உண்டு.

அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவி வெளியேற வழியே இல்லை. தேக்கம் உடனே உடைந்துவிடும், இறைச்சி விரைவாக வெந்துவிடும். ஆனால் அடைபட்ட ஆவியில் பட்டை ஊறி நைந்துவிடும். சுட்ட இறைச்சியின் தன்மை போய் அவித்த இறைச்சியின் தன்மை வந்துவிடும். எதிலும் சுற்றாமல் விட்டால் பட்டை அருமையாக வரும், ஆனால் ஓரங்கள் காய்ந்து முறுகும், நேரமும் கூடும். காகிதம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆவியில் ஒரு பங்கை வெளியே விட்டு, மீதியை உள்ளே பிடித்து வைக்கிறது. இறைச்சியிலிருந்து வடியும் கொழுப்பைக் குடித்தபின் காகிதம் மேலும் அடர்த்தியாகி, இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு, ஈரத்தை இன்னும் நன்றாகக் காக்கிறது.

இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது டெக்சாஸிலிருந்து. மத்திய டெக்சாஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகள் நடத்திய இறைச்சிக் கடைகளில்தான் அந்தப் பகுதியின் பார்பிக்யூ வேரூன்றியது. புகையில் வெந்த இறைச்சியைத் தட்டில் வைக்காமல் கடைக் காகிதத்திலேயே வைத்துக் கொடுப்பது அங்கே வழக்கம். லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிரூய்ஸ் மார்க்கெட் அந்த மரபில் வந்த கடை. பின்னாளில், ஆஸ்டின் நகரில் 2009இல் ஒரு டிரெய்லரில் கடை தொடங்கிய ஏரன் ஃபிராங்க்ளின் தன் பிரிஸ்கெட்டை இளஞ்சிவப்புக் காகிதத்தில் சுற்றிச் சமைத்தது, அந்தக் காகிதத்தை வீட்டுச் சமையல்காரர்கள் வரை கொண்டு சேர்த்தது. விலாவுக்கு அது வந்தது அதன் நீட்சியாக.

எந்தக் காகிதம்

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தேவையானது வெளுக்கப்படாத, உணவுக்கு ஏற்றதென்று குறிப்பிட்டு விற்கப்படும், மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசப்படாத புட்சர் பேப்பர். பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ பீச் பழ நிறத்திலோ இருக்கும். நனைந்தாலும் எளிதில் கிழியாதபடி தயாரிக்கப்பட்டிருக்கும்.

இதைப் போலவே தோற்றமளிக்கும் வேறு தாள்கள் உண்டு. ஃபிரீசர் பேப்பரின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். சூட்டில் உருகி இறைச்சியில் ஒட்டும். மெழுகுத் தாளும் அப்படியே. கேக் தட்டில் விரிக்கும் பார்ச்மென்ட் தாள் ஆபத்தில்லாதது, ஆனால் சிலிக்கான் பூச்சு இருப்பதால் கொழுப்பைக் குடிக்காது. அதில் சுற்றுவதால் கிடைப்பது வேறு விளைவு. மளிகைக் கடைப் பழுப்புப் பைகளில் மறுசுழற்சிக் காகிதமும் அச்சு மையும் இருக்கக்கூடும், வேண்டாம். நாளிதழ் கூடவே கூடாது. அச்சு மையில் உள்ள பொருட்கள் உணவில் இறங்கும் என்பதால், நாளிதழில் உணவைப் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. வடையைச் சுற்றுவதற்கே ஆகாத தாள், மணிக்கணக்கில் கொதிக்கும் கொழுப்புக்கு எப்படி ஆகும்?

உருளையின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். 18 அங்குலம், 24 அங்குலம் என்ற இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. 24 அங்குலமே நல்லது. விலாவை அகலவாக்கில் வைத்தபின் இரு பக்கமும் மடிக்கப் போதிய காகிதம் மிஞ்சும். 18 அங்குல உருளைதான் கையில் இருக்கிறது என்றால் விலாவை நடுவில் இரண்டாக வெட்டித் தனித்தனியாகச் சுற்றுங்கள். பற்றாத காகிதத்தை இழுத்துப் பிடித்து மடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எந்த விலா

முதுகெலும்பை ஒட்டி வருபவை பேபி பேக் விலாக்கள். வளைவாக, சிறியதாக, கொழுப்புக் குறைவாக இருக்கும். வயிற்றுப் பக்கம் வருபவை ஸ்பேர் ரிப்ஸ். அவற்றிலிருந்து மார்பெலும்பையும் குருத்தெலும்புப் பகுதியையும் நீக்கிச் செவ்வகமாக ஒழுங்குபடுத்தினால் அது செயின்ட் லூயிஸ் வெட்டு.

காகிதத்துக்கு நான் பரிந்துரைப்பது செயின்ட் லூயிஸ் வெட்டைத்தான். கொழுப்பு அதிகம், தட்டையாக இருப்பதால் காகிதம் இறுக ஒட்டும், நீண்ட நேர வேக்காட்டைத் தாங்கும். ஒரு ரேக், அதாவது ஒரே துண்டாக வரும் முழு விலா வரிசை, சுமார் 1.1 முதல் 1.4 கிலோ வரை இருக்கும். இந்த வழிகாட்டியில் வரும் நேரங்கள் எல்லாம் அந்த அளவுக்கானவை. பேபி பேக் பல நேரங்களில் சுற்றாமலேயே நன்றாக வெந்துவிடும். சுற்றினாலும் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

தயார் செய்தல்

எலும்புப் பக்கம் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதை உரித்துவிடுங்கள். ஓர் எலும்பின் மேல் மழுங்கிய கத்தி அல்லது கரண்டிக் காம்பை நுழைத்து சவ்வைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, காகிதத் துவாலையால் பிடித்து இழுத்தால் ஒரே உரியாக வரும். வெறும் கையால் இழுத்தால் வழுக்கும். ஓரங்களில் தொங்கும் சிறு துணுக்குகளை வெட்டி விடுங்கள், அவை எப்படியும் கருகத்தான் போகின்றன. நுனியில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்புகளையும் இப்போதே கவனியுங்கள். பின்னால் காகிதத்தைக் குத்திக் கிழிப்பவை அவைதாம்.

மசாலா எளிமையாக இருக்கட்டும். ஒரு ரேக்குக்கு இரண்டு தேக்கரண்டி கோஷர் உப்பு (பெரிய பரலாக இருக்கும் உப்பு), ஒன்றரை மேசைக்கரண்டி கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த் தூள்), ஒரு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பூண்டுத் தூள். நைசான தூளுப்பு என்றால் அளவைப் பாதியாக்குங்கள். மசாலா ஒட்டுவதற்கு மெல்லிசாகக் கடுகு விழுது தடவுவது வழக்கம். வெந்தபின் அதன் சுவை தெரியாது. தடவி அரை மணி நேரம் வைத்தால் மேற்பரப்பு ஈரமாகி மசாலாவைப் பிடித்துக்கொள்ளும். மிளகின் கொரகொரப்புக்குக் காரணம் உண்டு. பட்டைக்கு மேடுபள்ளம் தருவது அதுதான், புகை நன்றாகப் படிவதும் அதனால்தான்.

முதல் பாதி: திறந்த நிலையில்

புகையில் வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கரை 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (121 செல்சியஸ்) நிலைநிறுத்துங்கள். மத்திய டெக்சாஸில் போஸ்ட் ஓக் விறகு, மெம்ஃபிஸ், கான்சஸ் சிட்டி பக்கம் ஹிக்கரி. பன்றிக்கு ஆப்பிள், செர்ரி மரங்களும் நன்றாகப் பொருந்தும். புகை மெல்லிய நீல நிறத்தில் வர வேண்டும். அடர்ந்த வெள்ளைப் புகை என்றால் விறகு சரியாக எரியவில்லை என்று பொருள், இறைச்சி கசக்கும். சுற்றிய பிறகு இறைச்சி அவ்வளவாகப் புகையை ஏற்காது. ஆகவே நல்ல விறகையெல்லாம் இந்தப் பாதியிலேயே செலவிடுங்கள்.

விலாவை எலும்புப் பக்கம் கீழாக, நேர் நெருப்புக்கு மேல் வராதபடி வையுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் மூடியைத் திறக்க வேண்டாம். அதன்பின் அரை மணிக்கு ஒரு முறை பாருங்கள். ஓரங்கள் உலர்ந்து காணப்பட்டால் ஆப்பிள் சைடர் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து லேசாகத் தெளியுங்கள். பட்டை பிடிப்பதற்கு முன் தெளித்தால் மசாலா கழுவிக்கொண்டு போய்விடும்.

எப்போது சுற்றுவது

பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்றரை மணி நேரத்துக்குள் இந்தக் கட்டம் வரும். ஆனால் மூன்று அடையாளங்களும் சேர்ந்து தெரிய வேண்டும்.

நிறம் முதலில். பாப்ரிகாவின் செங்கல் நிறம் மாறி, பழைய தேக்கு மரச் சாமானில் காணும் ஆழ்ந்த கருஞ்சிவப்புக்கு வந்திருக்க வேண்டும். காகிதத்துக்குள் போனபின் நிறம் பெரிதாக மாறாது. இந்த நிலையில் உங்களுக்குப் பிடித்த நிறம் வரவில்லை என்றால் இன்னும் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நகத்தால் மேற்பரப்பை மெதுவாகச் சுரண்டுங்கள். மசாலா ஈரமாக நகத்தோடு வந்தால் பட்டை இன்னும் பிடிக்கவில்லை. கெட்டியாக ஒட்டிக்கொண்டு, நகம் வழுக்கிக்கொண்டு போனால் தயார். நான் மற்ற இரண்டையும்விட இதையே நம்புகிறேன். ஈரப்பதம் மிகுந்த நாளில் நிறம் வந்தபின்னும் பட்டை நெகிழ்ந்திருப்பதுண்டு. கண் ஏமாந்தாலும் நகம் ஏமாறாது.

மூன்றாவது, எலும்பு நுனிகளிலிருந்து இறைச்சி லேசாகப் பின்வாங்கத் தொடங்கியிருக்கும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் 160 முதல் 170 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். விலாவில் எலும்புகளுக்கு இடையே உள்ள சதை மெல்லியது. முனை எலும்பில் பட்டால் எண் தவறாக வரும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பாருங்கள்.

சுற்றும் முறை

சுற்றுவதற்கு முன்பே மேசையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சூடான விலாவைக் கையில் வைத்துக்கொண்டு காகிதம் கிழிப்பது முடியாத காரியம். ஒரு ரேக்குக்கு சுமார் மூன்றடி நீளக் காகிதம் வேண்டும். விரித்து, வினிகர்த் தண்ணீரை மேலோட்டமாகத் தெளித்துத் தடவுங்கள். காகிதத்தின் விறைப்பு போய் மடிக்க இணங்கும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம்.

விருப்பப்பட்டால், விலா உட்காரப் போகும் இடத்தில் ஒரு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயோ மாட்டுக்கொழுப்போ தடவலாம். அதற்கு மேல் வேண்டாம். அலுமினியத் தாளில் சுற்றுபவர்கள் ஆப்பிள் சாறு, தேன், வெண்ணெய் என்று தாராளமாக ஊற்றுவார்கள். காகிதத்தில் அந்த வேலையைச் செய்தால் சாறு கசிந்து வடிந்துவிடும், காகிதம் கூழாகிவிடும். அந்த இனிப்புச் சாறு வேண்டும் என்றால் அலுமினியத் தாளிலேயே சுற்றுங்கள். அதுவும் நல்ல விலாதான், இதிலிருந்து வேறுபட்டது, அவ்வளவே.

இனி மடிப்பு. காகிதம் உங்களுக்கு எதிரே நீளவாக்கில் விரிந்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்து விளிம்பிலிருந்து ஏறக்குறைய எட்டு அங்குலம் தள்ளி, விலாவைக் குறுக்காக, இறைச்சிப் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். எலும்புப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கும். அருகிலுள்ள விளிம்பைத் தூக்கி விலாவின் மேல் போர்த்தி, அப்பால் உள்ள ஓரத்தில் விரல்களால் அழுத்தி இறுக்குங்கள். இந்த முதல் இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காகிதத்துக்கும் இறைச்சிக்கும் நடுவே காற்று தங்கினால் அங்கே ஆவி சேரும், ஆவி சேர்ந்த இடத்தில் பட்டை நையும்.

இப்போது விலாவை உங்களிடமிருந்து அப்பால் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். இறைச்சிப் பக்கம் மேலே வந்துவிடும். இந்த நிலையில் இரு பக்கங்களிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை உள்நோக்கி மடியுங்கள். எலும்பு நுனிகள் உள்ள இடத்தில் வலிந்து இழுக்காமல், சற்றுத் தளர்வாக மடித்து மேலே அழுத்தினால் கிழியாது. மேலும் இரண்டு புரட்டு. ஒவ்வொன்றிலும் காகிதத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து இறுக்கியபடியே உருட்ட வேண்டும். இரண்டாவது முடியும்போது இறைச்சி மறுபடியும் மேல்பக்கம் இருக்கும், காகிதத்தின் வால் பொட்டலத்துக்கு அடியில் போயிருக்கும். விலாவின் எடையே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நூலோ டேப்போ வேண்டியதில்லை. டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், அதன் பசை சூட்டுக்கு ஆகாது.

எலும்பு குத்திக் கிழித்துவிட்டால் பிரிக்க வேண்டாம். அதன் மேலேயே இன்னொரு தாளைச் சுற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் காகிதத்தின் மூச்சு அடைபட்டு, அலுமினியத் தாளில் சுற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு குறைந்துவிடும்.

இரண்டாம் பாதி

இறைச்சிப் பக்கம் மேலாக, மடிப்புப் பக்கம் கீழாகவே ஸ்மோக்கரில் திரும்ப வையுங்கள். அதில் விறகு எரியும் பெட்டியின் வாயருகே வைக்காதீர்கள். இது காகிதம், அதுவும் கொழுப்பில் ஊறிய காகிதம். பக்கவாட்டுச் சூட்டில் ஒன்றும் ஆகாது. தீநாக்கு பட்டால் பற்றிக்கொள்ளும். கரி அடுப்பில் சமைப்பவர்கள் கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, பொட்டலத்தை மறுபக்கம் வைத்து, கீழே ஒரு தட்டு வைத்தால் வடியும் கொழுப்பு நெருப்பில் விழாது.

சூட்டை 265 டிகிரி ஃபாரன்ஹீட் (129 செல்சியஸ்) வரை உயர்த்தலாம். அரை மணி நேரத்துக்குப் பின் காகிதத்தில் திட்டுத் திட்டாகக் கொழுப்பு ஊறி, தாள் கண்ணாடிபோல் மினுங்கத் தொடங்கும். அது நல்ல அறிகுறி. ஒரு திட்டுகூடத் தெரியாமல் காகிதம் உலர்ந்தே கிடந்தால் சுற்று தளர்ந்திருக்கிறது, அல்லது இறைச்சியில் கொழுப்பு குறைவு.

விறகையும் கரியையும் மிச்சப்படுத்த விரும்புபவர்கள் இந்தப் பாதியை வீட்டு அவனிலேயே முடிக்கலாம். புகை ஏற்கெனவே ஏறியாகிவிட்டது. இனி வேண்டியது சீரான சூடு மட்டும். விளிம்புள்ள தட்டில் வைத்து, அதே 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நடுத்தட்டில் வையுங்கள். மேலிருந்து தணல் வீசும் பிராய்லரை மட்டும் தொட வேண்டாம்.

வெந்துவிட்டதா

பன்றி இறைச்சி 145 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (63 செல்சியஸ்) மூன்று நிமிடம் ஆறவிட்டாலே உண்ணப் பாதுகாப்பானது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. ஆனால் அந்தச் சூட்டில் விலாவை மெல்லவே முடியாது. விலாவின் இணைப்புத் திசுவில் இருக்கும் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். அதற்கு 195 முதல் 203 டிகிரி (90 முதல் 95 செல்சியஸ்) வரை போக வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும்.

சுற்றி ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் சோதிக்கத் தொடங்குங்கள். காகிதத்தைப் பிரிக்காமலே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பல்குச்சியால் குத்திப் பாருங்கள். தடையே இல்லாமல் இறங்க வேண்டும். பொட்டலத்தின் ஒரு முனையில் மூன்றிலொரு பங்கை இடுக்கியால் பிடித்துத் தூக்கினால் மறுமுனை தளர்ந்து வளைந்து தொங்க வேண்டும். விறைப்பாக நின்றால் இன்னும் இருபது நிமிடம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

எலும்பிலிருந்து தானாகக் கழன்று விழுவதே சரியான பதம் என்று பலர் நினைக்கிறார்கள். கான்சஸ் சிட்டி பார்பிக்யூ சங்கத்தின் போட்டிகளில் அப்படி விழுந்தால் அதிகம் வெந்துவிட்டது என்று மதிப்பெண் குறையும். கடித்த இடத்தில் மட்டும் சதை சுத்தமாக வந்து, பல் பட்ட வடிவம் தெரிய வேண்டும், மற்ற சதை எலும்போடு இருக்க வேண்டும் என்பது அவர்கள் அளவுகோல். நானும் அந்தக் கட்சிதான். காகிதத்தில் சுற்றுவதன் பயன் முழுமையாகத் தெரிவது இந்தப் பதத்தில்தான். ஆனால் வீட்டில் பெரியவர்களுக்கோ குழந்தைகளுக்கோ இன்னும் மென்மையாக வேண்டும் என்றால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள், அதில் தவறேதும் இல்லை.

சாஸ், ஓய்வு, வெட்டு

சாஸ் பூச வேண்டுமானால் காகிதத்தைப் பிரித்து, மெல்லிய ஒரு பூச்சுப் பூசி, திறந்த நிலையில் 15 நிமிடம் வையுங்கள். சர்க்கரை அதிகமுள்ள சாஸ் சட்டென்று கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். நல்ல பட்டை அமைந்த விலாவுக்கு சாஸ் தேவையில்லை என்பது என் முடிவு. தொட்டுக்கொள்ளத் தனியே வைத்தால் போதும்.

சாஸ் இல்லையென்றால் பிரிக்காமல் அப்படியே மேசையில் 20 முதல் 30 நிமிடம் ஆறட்டும். உடனே வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும். விருந்தினர் வரத் தாமதமானால் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி, ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். இரண்டு மணி நேரம் வரை சூடு தாங்கும். உள்வெப்பம் 140 டிகிரிக்கு (60 செல்சியஸ்) கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது எலும்புப் பக்கத்தை மேலே திருப்புங்கள். எலும்புகள் எப்படி வளைந்து போகின்றன என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும். நீளமான, கூரான கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டினால் பட்டை உதிராது.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். ஊறிய காகிதத்தோடு வைக்காமல் வேறு டப்பாவுக்கு மாற்றுங்கள். சூடுபடுத்தும்போது காகிதம் வேண்டாம். அலுமினியத் தாளில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, 250 டிகிரி ஃபாரன்ஹீட் அவனில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் பட்டை ஓரளவு மீளும்.